கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த இந்தியர்களின் வாரிசுகள் யாராவது வந்து "எங்க தாத்தா வந்த கப்பல் பேர் தெரியணும்" என்று கேட்டால், கப்பலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், நம்பரைத் தேடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிப்போகும். ஏனென்றால் பாதிப் பேர் கப்பலை முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள், அதுவும் எல்லாருக்கும் ட்ரூரோ தான் வேண்டும். ட்ரூரோ என்பது 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பல், அதில் வந்தவர்கள் 342 பேர். இன்றைக்கு எங்கள் தாத்தா ட்ரூரோவில் வந்தார் என்று சொல்லும் குடும்பங்களை எல்லாம் ஏற்றியிருந்தால் அது கரை தாண்டும் முன்பே மூழ்கியிருக்கும். 1911 வரைக்கும் 384 தடவை கப்பல் வந்திருக்கிறது, மொத்தம் 1,52,000 பேருக்கு மேல், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் ஏறியவர்கள், மிச்சம் கல்கத்தா. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் ஆள் ட்ரூரோவில் வந்திருக்க நானூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. போளூர்ப் பக்கம் பிறந்து, வேலைக்காக டர்பன் வந்து, சாட்ஸ்வர்த்தில் வீடு எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகப் பழைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். காகிதமெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அதில் இருக்கும் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் தமிழ், அதைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார், அதை மறுபடி தமிழாக்க ஒரு தமிழ்க் காது வேண்டியிருக்கிறது. அப்படித்தான் இந்த வேலை எனக்குப் பழகியது. இங்கே இருந்து தேடுகிறவர்களுக்கும், தமிழ்நாட்டில் "கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் நேட்டால் போனாராம், திரும்பி வரவே இல்லையாம்" என்று கேள்விப்பட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சரி, நம்பர் என்றால் என்ன? ஒப்பந்தக் கூலியாக நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு கொலோனியல் நம்பர் கொடுத்தார்கள். 1860இல் ஒன்றில் தொடங்கி வரிசையாகப் போகும் எண் அது. கல்யாணம் பதிய, பிள்ளை பிறந்ததைப் பதிய, முதலாளி மேல் புகார் கொடுக்க, இந்தியாவுக்குத் திரும்பிப் போக, எதற்குப் போனாலும் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள். பெயர் நாலு விதமாக மாறியிருக்கும், நம்பர் மாறாது. ஒரு கப்பலில் வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து இருப்பதால், நம்பர் கையில் இருந்தால் கப்பலும் தேதியும் தானாகத் தெரிந்துவிடும். உதாரணமாக, 1866இல் ஆள் எடுப்பது நின்று 1874இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த முதல் கட்டத்தில் வந்தவர்கள் 6,445 பேர். அதனால் உங்களுக்குக் கிடைத்த எண் 40,000க்கு மேல் இருந்துகொண்டு வீட்டில் ட்ரூரோ கதை ஓடுகிறது என்றால், கதையை மெதுவாக மாற்றச் சொல்லுங்கள்.

நம்பரை எங்கே பிடிப்பது என்பதுதான் முக்கால்வாசி வேலை. கப்பலில் இருந்து கீழே இறங்கி வராதீர்கள், உங்களிடம் இருந்து மேலே ஏறிப் போங்கள். முதலில் வீட்டில் இருக்கும் தகரப்பெட்டி, சாமி ரூமில் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்த கவர், பெரியம்மா வீட்டு பிஸ்கட் டின், எல்லாவற்றையும் பாருங்கள். பழைய பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்தபோது கொடுத்த விடுதலைச் சீட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றின் ஓரத்தில் அந்த எண் இருக்கும், பெரும்பாலும் ஐந்து இலக்கமோ ஆறு இலக்கமோ, முதல் கட்டத்தில் வந்தவர் என்றால் அதைவிடக் குறைவாக. பிள்ளையின் பிறப்புப் பதிவில் அப்பா நம்பர், அம்மா நம்பர் இரண்டுமே இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நிறவெறி ஆட்சி கேட்டோ மேனரில் இருந்து சாட்ஸ்வர்த்துக்கு மக்களைக் கிளப்பிய காலத்தில் நிறைய வீடுகளில் பெட்டியோடு போய்விட்டது, அது வேறு வயிற்றெரிச்சல். இருந்தாலும் அத்தை, சித்தப்பா வழியில் கேட்டுப் பாருங்கள். நேர் வாரிசிடம் இல்லாத காகிதம் பெரும்பாலும் மூத்த மகள் வழியில் இருக்கும், ஏன் என்று கேட்காதீர்கள், நான் பார்த்தவரை அப்படித்தான்.

வீட்டில் இல்லை என்றால் அடுத்தது இறப்புப் பதிவு. இதில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இறப்புச் சான்றிதழ் என்பது இறந்தார், இன்ன நோய் என்று சொல்லும் சீட்டு. டெத் நோட்டிஸ் என்பது வேறு, இறந்தவருக்குச் சொத்து பத்து ஏதாவது இருந்தால் அவர் எஸ்டேட் கோப்பில், அதாவது அவர் விட்டுப்போன சொத்து பற்றிய கோப்பில், குடும்பத்தார் நிரப்பிக் கொடுப்பது. அதில் இறந்தவர் பிறந்த இடம், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். தங்கச்சுரங்கம் அதுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்த எஸ்டேட் கோப்புகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் நார்ஸ் (NAAIRS) என்னும் இணையத் தேடலில் பெயரைப் போட்டால் கோப்பு எண் வரும், ஆனால் அது வெறும் அட்டவணை, கோப்பின் படம் வராது. படத்துக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி நேட்டால் பகுதியைத் துழாவுங்கள். சில படங்கள் வீட்டில் இருந்தே திறக்கும், சிலவற்றுக்கு அவர்களுடைய மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். 'பிறந்த இடம் நேட்டால்' என்று டெத் நோட்டிஸில் இருந்தால் அவரைக் கப்பலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அவருடைய அப்பா அம்மாவுக்கு ஒரு படி ஏறுங்கள்.

நார்ஸில் இன்னொரு வேலையும் செய்யலாம். இந்தியக் குடிவரவாளர்களின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார், பாதுகாத்தாரா என்பது வேறு பேச்சு, ஆனால் காகிதத்தை நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள். அவர் அலுவலகத்துக் கோப்புகளின் தலைப்பிலேயே பல இடங்களில் கூலியின் நம்பர் இருக்கும். 'இன்ன நம்பர் இன்னார், முதலாளி அடித்தார் என்று புகார்', 'இன்னார் இந்தியாவுக்குத் திரும்ப அனுமதி கேட்கிறார்' என்கிற மாதிரி. பெயரில் கிடைக்காதவர்கள் நம்பரில் கிடைப்பார்கள். அதனால் நம்பர் தெரிந்தபின் மறுபடி ஒருமுறை அங்கே போய் வெறும் எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

இப்போது கப்பல் பதிவேடு. மூலப் புத்தகங்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, அங்கே பட்டியல்களைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். டர்பனில் 1860 பாரம்பரிய மையத்திலும் போய்க் கேட்கலாம். எங்கே போனாலும் போகும் முன் போன் செய்துவிட்டுப் போங்கள், நான் ஒருமுறை காலையில் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பென்சில் கொண்டுபோங்கள், பழைய புத்தகம் பக்கத்தில் பேனாவை எடுத்தால் முறைப்பார்கள்.

ஒரு வரியில் இருப்பது இவ்வளவு: நம்பர், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் அடையாளம், யாரிடம் வேலைக்குப் போனார். சில வரிகளில் ஓரத்தில் பின்னாளில் எழுதிய குறிப்பு: இறந்த தேதி, ஊர் திரும்பிய தேதி. அந்த அடையாளப் பத்தியில்தான் எனக்குக் கை நின்றுபோகும். புகைப்படம் இல்லாத ஒருவரைப் பற்றி 'இடது முழங்காலில் தழும்பு, உயரம் ஐந்தடி ஓர் அங்குலம்' என்று படிக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பேரன் குனிந்து தன் முழங்காலைப் பார்ப்பான். இரண்டு மூன்று பேர் அப்படிச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெயரை வைத்துத் தேடுவதில் இருக்கும் வம்புகளைச் சொல்கிறேன். முதலாவது, இன்றைக்கு இருக்கும் கடைசிப் பெயர் பட்டியலில் இருக்காது. கவுண்டர் கவெண்டர் ஆனதும், முதலி மூட்லி ஆனதும், நாயக்கர் நைக்கர் ஆனதும் இங்கே வந்தபின் நடந்தது. பட்டியலில் அவர் வெறும் சின்னசாமி, அப்பா பெயர் கந்தன், அவ்வளவுதான். முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி என்று கடைசிப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒருவகையில் அதிர்ஷ்டம், அது பெரும்பாலும் கப்பலில் வந்தவருடைய பெயராகவோ அவர் அப்பா பெயராகவோ இருக்கும். இரண்டு பத்தியிலும் தேடுங்கள்.

இரண்டாவது, எழுத்து. குப்புசாமியைக் கே எழுத்தில் தேடினால் கிடைக்காது, சி எழுத்தில் ஓ ஓ போட்டுக் கூப்பூசாமி என்று உட்கார்ந்திருப்பார். எல்லம்மா, ஏகாம்பரம் மாதிரி எ, ஏ-யில் தொடங்கும் பெயர்களை ஒய் எழுத்தில் பாருங்கள், நாம் வாயால் 'யெ' என்றுதானே சொல்கிறோம், குமாஸ்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். வீராசாமி வி-யிலும் இருப்பார், டபிள்யூவிலும் இருப்பார். ழகரம் வந்தால் எல், ஆர், இசட் எதுவும் நடக்கும். இதெல்லாம் போக, பழைய கையெழுத்தில் ஆங்கில n எழுத்தும் u எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், தட்டச்சு செய்தவர் அதை மாற்றிப் படித்திருப்பார். ஒரு பெயர் படிக்க அபத்தமாக இருந்தால் அதைச் சத்தமாக, கொஞ்சம் வேகமாக, வடாற்காட்டு வாய்மொழியில் சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் தானாக அவிழ்ந்துவிடும்.

மூன்றாவது, ஒரே பெயரில் ஊர்ப்பட்ட பேர். இதில் நானே சறுக்கி விழுந்திருக்கிறேன். எதிர்வீட்டு ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர் தாத்தா பெயர் பெருமாள், அப்பா பெயர் குப்பன் என்று டெத் நோட்டிஸ் சொன்னது. நான் தேடி வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, பெருமாள், தகப்பன் குப்பன், வயதும் பொருந்துகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். நம்ம ஊராச்சே என்ற சந்தோஷத்தில் எனக்கும் நிதானம் போய்விட்டது. வீட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சட்டம் போட்டுச் சாமி ரூமில் மாட்டி, கற்பூரம் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்டேங்கரில் இருக்கும் ஓர் உறவுக்காரர், அந்தத் தாத்தாவின் மூத்த மகளுடைய பிறப்புப் பதிவோடு வந்தார். அதில் அப்பா நம்பர் இருந்தது. நான் கண்டுபிடித்த நம்பர் இல்லை. அது எட்டு வருடம் பிந்தி வந்த வேறொரு பெருமாள், அவர் அப்பாவும் குப்பன், ஊர் ஆரணி தாலுகா. எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே கூச்சமாகிவிட்டது. ஆயாதான், "மாட்டினது மாட்டினதா இருக்கட்டும் தம்பி, அவரும் யாரோ பெத்த புள்ளதானே" என்றார். இப்போது அங்கே இரண்டு பெருமாள் தொங்குகிறார்கள். அதற்கப்புறம் நம்பர் பொருந்தாமல் நான் எதையும் உறுதி என்று சொல்வதில்லை. நம்பரே கிடைக்காவிட்டால் குறைந்தது மூன்று விஷயம், அதாவது அப்பா பெயர், ஊர், வேலைக்குப் போன இடம் மூன்றும், பொருந்தினால்தான் 'இருக்கலாம்' என்று சொல்வேன்.

வேலைக்குப் போன இடம் என்றதும் நினைவு வருகிறது, இந்தப் பத்தியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். குடும்பக் கதையில் கப்பல் பெயர் தப்பாக இருக்கும், ஆனால் தோட்டத்தின் பெயர் அநேகமாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கேதான் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்தது. டோங்காட், உம்சிண்டோ, மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டமா, நேட்டால் அரசு ரயில்வேயா, டண்டீ பக்கத்து நிலக்கரிச் சுரங்கமா, கேர்ஸ்னி தேயிலைத் தோட்டமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் 3 பவுண்டு வரிக் கதை. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கப்புறம் ஒப்பந்தம் போட்டு வந்து, காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள் மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு விதித்தார்கள், 1914இல்தான் அதை எடுத்தார்கள். வீட்டில் அந்த ரசீதோ பேச்சோ இருந்தால் 1895க்கு முந்திய கப்பல்களை விட்டுவிடலாம்.

கப்பல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். பிற்காலத்து நீராவிக் கப்பல்கள் உம்லாசி, உம்சிண்டோ, பொங்கோலா, காங்கெல்லா என்று நேட்டால் ஆறு, ஊர் பெயர்களைத் தாங்கி, போக வர என்று பல தடவை ஓடியவை. 1911இல் கடைசியாக ஆள் கொண்டுவந்ததும் உம்லாசிதான். 'உம்லாசியில் வந்தார்' என்பது 'மெட்ராஸ் பஸ்ஸில் வந்தார்' என்பது மாதிரி, எந்த நாள் பஸ் என்று தெரிந்தால்தான் உபயோகம்.

நம்பர் கிடைத்து, வரியும் கிடைத்துவிட்டது. உடனே புத்தகத்தை மூடாதீர்கள். அந்த வரிக்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி படியுங்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். அதே ஊர்ப் பெயரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்கள் பங்காளியாகவோ, மச்சானாகவோ, ஆள் சேர்க்க வந்த ஒரே ஆள் பேச்சைக் கேட்டுக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்களாகவோ இருக்கலாம். தனியாக வந்த பெண்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று அரசாங்கமே கணக்கு வைத்திருந்ததால், கப்பல் ஏறும் முன் ஆட்களைச் சேர்த்து வைக்கும் டெப்போவில் பெண்களைச் சேர்க்க எப்போதும் அவசரம்தான். 'பாட்டி தாத்தாவோடு வந்தாள்' என்று வீட்டில் சொல்வார்கள், பட்டியலில் இரண்டு பேரும் வேறு வேறு கப்பலில், மூன்று வருட இடைவெளியில் இருப்பார்கள். இங்கே வந்து சந்தித்துக் கல்யாணம் செய்தவர்கள் அவர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

சாதிப் பத்தியும் அப்படித்தான். டெப்போவில் கேட்டதற்கு ஒருவர் என்ன சொன்னாரோ, எழுதியவருக்கு என்ன புரிந்ததோ அதுதான் அங்கே இருக்கிறது. கப்பல் ஏறும்போது அதை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, இறங்கியபின் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆளை அடையாளம் காண அதை நம்பாதீர்கள். கேட்காதவரை நான் அந்தப் பத்தியைச் சத்தமாகப் படிப்பதில்லை.

பட்டியலில் கிடைக்கவே மாட்டேன் என்கிறார் என்றால், அவர் ஒப்பந்தத்தில் வந்தவர்தானா என்று யோசியுங்கள். தன் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள், தமிழ் வாத்தியார்கள் போன்றவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. மொரிஷியஸில் இருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போய், பஞ்சம் பிழைக்க முடியாமல் மறுபடி ஒப்பந்தம் போட்டு வந்தவருக்கு இரண்டு நம்பர் இருக்கும், அது இன்னொரு தலைவலி.

கடைசியாக ஊர். பட்டியலில் வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தால் இன்றைய வேலூரை மட்டும் பார்க்காதீர்கள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர், ஆரணி, வந்தவாசி, அப்புறம் ராணிப்பேட்டை எல்லாம் அதற்குள் வரும், ஆந்திராவில் இருக்கும் சித்தூரும் 1911 வரை வட ஆற்காடுதான், தலைநகரே அதுதான். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. செங்கல்பட்டு என்றால் இன்றைய காஞ்சிபுரமும் திருவள்ளூரும் சேர்த்து, தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, 1911 வரை திருவண்ணாமலைத் தாலுகாவும்கூட. அதனால் ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள், வாண்டிவாஷ் என்று இருந்தால் வந்தவாசி, ஊர் அந்தச் சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். ஊர்ப் பெயரின் வால் மட்டும் தெளிவாகத் தெரிந்தால்கூடப் போதும், பாக்கம், மங்கலம், குப்பம், ஏந்தல் என்று. அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து தேடுகிறவர்களுக்கு வேலை தலைகீழ். உங்களிடம் ஊரும் அப்பா பெயரும் உறுதியாக இருக்கும், நம்பர் இருக்காது. கணினிப் பட்டியலில் ஆள் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள், பிறகு அப்பா பெயரைப் பாருங்கள். கிடைத்தால் இங்கே யாரையாவது பிடித்து அந்த நம்பரை வைத்துக் கல்யாணப் பதிவையும் எஸ்டேட் கோப்பையும் தேடச் சொல்லுங்கள். போன வருடம் ஆரணிப் பக்கத்தில் இருந்து ஒருவர் இப்படி எனக்கு ஒரு நம்பர் அனுப்பினார். ஆயா வீட்டு இரண்டாவது பெருமாளுடைய நம்பருக்கு நாலு எண் தள்ளி இருந்தது, அதே ஊர், அதே கப்பல். இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஆயா அவர்களோடு வாராவாரம் போனில் பேச ஆரம்பித்துவிட்டார், இவர் தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ், அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.